அம்மாவைப் பற்றிக் கேட்டு எழுதுவது யார்?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று இரண்டு நாளாக என் மேஜை மேலேயே கிடக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

"அப்பா காலமான பிறகு அம்மாவை அண்ணா அமெரிக்காவுக்கு அழைத்துக் கொண்டு போனான். பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். போன மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து போயிற்று. ஆபரேஷன் ஆனதும் வீட்டுக்குக் கூட்டி வராமல் ஏதோ நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டான். கேட்டால், 'இங்கே எல்லாம் இப்படித்தான்' என்கிறான். சொந்தக்காரர்கள், 'பெத்தவளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டான்' என்று பேசுகிறார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. சுத்த சைவம். ஆசாரம் வேறு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. நீங்கள் அந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அம்மாவை அங்கே எப்படிப் பார்த்துக் கொள்வார்கள்? இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்?"

இதே கவலையோடு இன்னும் எத்தனையோ அம்மாக்களின் பெண்கள் நம் வாசகியரில் இருப்பார்கள் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

ஆமாம், நான் சென்னையில் சமூகப் பணி படித்துவிட்டுக் கல்யாணமாகி அமெரிக்கா போனவள். அங்கேயும் படித்து, ஒரு நர்ஸிங் ஹோமில் பதினாலு வருஷம் சோஷியல் வொர்க்கராக இருந்தேன். நம் ஊரில் நர்ஸிங் ஹோம் என்றால் பிரசவமோ அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனோ நடக்கும் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அப்படியில்லை. எழுந்து நடக்க, குளிக்க, சாப்பிட மற்றவர் உதவி தேவைப்படுகிறவர்கள் தங்கி, இரவும் பகலும் நர்ஸ்களின் பராமரிப்பில் இருக்கும் இடம் அது. அமெரிக்கா முழுவதும் இப்படிச் சுமார் 15,000 இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் 12 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

முதலில் அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து சில நாட்களில் அங்கே ஆஸ்பத்திரியில் 'டிஸ்சார்ஜ்' என்று சொல்லி விடுவார்கள். அந்த நிலையில் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கவும், தினமும் நடைப்பயிற்சி கொடுக்கவும் வேலைக்குப் போகிற மகனாலும் மருமகளாலும் முடியுமா? அதற்காகவே பலரை நர்ஸிங் ஹோமுக்கு அனுப்புகிறார்கள். முதியவர்களுக்கான மெடிகேர் இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, 100 நாள் வரை இதற்கு உதவி கிடைக்கும். முதல் 20 நாள் செலவு முழுவதும் மெடிகேருடையது. அதற்குப் பிறகு தினசரி ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். நடக்கத் தேறியதும் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே 'தள்ளிட்டான்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம், சகோதரி. அண்ணாவோடு சண்டை போட்டால் அம்மாவுக்கு உதவக்கூடிய ஒரே வழி அடைபட்டுப் போகும்.

இனி, அம்மாவை எப்படிப் பார்த்துக் கொள்வார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் அந்த இல்லங்களைப் பற்றி வந்த புகார்கள் கொஞ்சநஞ்சமல்ல. கிழவர்களை நாற்காலியோடு கட்டிப் போடுவது, மயக்க மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பது, படுக்கைப் புண்ணைக் கவனிக்காமல் விடுவது என்று ஏராளம். 1986-ல் ஒரு நிபுணர் குழு இவற்றையெல்லாம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. மறு வருஷமே, 1987-ல், சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்குகிற ஒவ்வொரு இல்லமும் அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். அதைத்தான் 'கேர் பிளான்' என்கிறார்கள்.

இதற்குக் காலக் கணக்கு உண்டு. உங்கள் நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். சேர்த்த 48 மணி நேரத்துக்குள் அவசரத் திட்டம் ஒன்று தயாராக வேண்டும். என்ன மருந்து, என்ன சாப்பாடு, என்ன பயிற்சி, விழாமல் பார்த்துக் கொள்வது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் சுருக்கத்தை அம்மாவிடமோ அவர் சார்பில் இருப்பவரிடமோ கொடுத்தாக வேண்டும். 14 நாளுக்குள் அம்மாவைத் தலை முதல் கால் வரை பரிசீலித்து ஒரு பெரிய படிவத்தை நிரப்புவார்கள். அது முடிந்த 7 நாளுக்குள் முழுத் திட்டம் எழுதியாக வேண்டும். அப்புறம் 3 மாசத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை. நடுவில் உடல்நிலை பெரிதாக மாறினால் உடனே மறுபடியும் பரிசீலனை.

பார்க்கப் போனால் நாம் கைக்குழந்தைக்குச் செய்வதுதானே இது? எத்தனை மணிக்குப் பால், எந்தத் தேதியில் தடுப்பூசி, ராத்திரி எழுந்தால் எப்படித் தூங்க வைப்பது என்று மூன்று பேர் பார்த்துக் கொள்கிற வீட்டில் யாராவது எழுதித்தானே வைக்கிறோம்? இல்லாவிட்டால் பாட்டி கொடுத்த மருந்தையே அம்மாவும் கொடுத்துவிடுவாள். நர்ஸிங் ஹோமிலும் அப்படித்தான். காலை 7 மணிக்கு ஒரு ஷிப்ட், மத்தியானம் 3 மணிக்கு ஒன்று, ராத்திரி 11 மணிக்கு ஒன்று. நாளெல்லாம் ஆட்கள் மாறிக் கொண்டே இருப்பார்கள். காகிதத்தில் இருப்பதுதான் அடுத்தவருக்குத் தெரியும்.

அந்தக் காகிதத்தில் 'உங்கள் அம்மா' இருக்கிறாளா, அல்லது 'இடுப்பு எலும்பு முறிந்த 80 வயதுப் பெண்மணி' மட்டும் இருக்கிறாளா? கேள்வியே அதுதான். ஒரு கதை சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் இல்லத்துக்கு ஒரு தமிழ் மாமி வந்தார். இதே இடுப்பு எலும்புதான். நான் லீவில் இருந்த வாரம். ஞாபக சக்தியைச் சோதிக்க அந்தப் பெரிய படிவத்தில் ஒரு பகுதி உண்டு. மூன்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். 'ஸாக், ப்ளூ, பெட்.' அதாவது காலுறை, நீலம், கட்டில். பிறகு என்ன வருஷம், என்ன மாசம், என்ன கிழமை என்று கேட்டுவிட்டு, முதலில் சொன்ன மூன்று வார்த்தைகளை மறுபடியும் கேட்பார்கள். மொத்தம் 15 மார்க். 13 அல்லது அதற்கு மேல் வாங்கினால் நல்ல ஞாபகம். 7 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையான மறதி.

மாமிக்கு வந்த மார்க் 5. இங்கிலீஷில்தான் கேட்டிருக்கிறார்கள். என்ன மாசம் என்று கேட்டதற்கு 'ஐப்பசி' என்றாராம். அந்த நர்ஸுக்கு அது ஏதோ உளறலாகத்தான் கேட்டிருக்கும், பாவம்.

அது மட்டுமா? விடியற்காலை நாலரை மணிக்குப் படுக்கையிலிருந்து இறங்கப் பார்க்கிறார், அலாரம் அடிக்கிறது, ஓடி வந்து பிடித்தால் கையைத் தட்டிவிடுகிறார் என்று குறிப்பு. கொண்டு வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை என்று இன்னொரு குறிப்பு. 'மறதி, கலக்கம், உணவு மறுப்பு.' மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டாக்டருக்கு என்ன தோன்றும்? மனக் கலக்கத்துக்கு மாத்திரை கொடுக்கலாமா என்ற யோசனை வந்துவிட்டது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மாத்திரைகளைக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. தள்ளாட்டமும் வரும். ஏற்கெனவே இடுப்பு முறிந்தவர் மறுபடியும் விழுந்தால் என்ன ஆவது!

நான் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, சௌக்கியமா?" என்றேன். கண்ணில் நீர் தளும்பிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவிட்டு, அதே கேள்விகளைத் தமிழில் கேட்டேன். என்ன மாசம்? "ஐப்பசி. உங்க கணக்குல நவம்பர் பொறந்தாச்சே." கிழமை சரி. வருஷம் சரி. மூன்று வார்த்தையில் கட்டில் மட்டும் கொஞ்சம் ஜாடை காட்டிய பிறகு வந்தது. 14 மார்க்!

"சாப்பிடலியாமே மாமி?" என்றேன். "தீபாவளி போய் அமாவாசையிலேருந்து பதினோராம் நாள். ஏகாதசிடி அம்மா. அன்னிக்கு நான் சாப்பிடுவேனா?" நாலரை மணிக்கு எழுந்தது? "அறுபது வருஷமா அந்த நேரத்துக்கு எழுந்து ஸ்நானம் பண்ணிட்டு விளக்கேத்தறவ. இங்கே பத்து மணிக்குக் குளிப்பாட்டறா. அதுக்கு முன்னாடி காபியைக் கொண்டு வந்து நீட்டறா. எப்படிக் குடிப்பேன்?"

மறதியும் இல்லை, கலக்கமும் இல்லை. அந்த அம்மாளின் நாள் வேறு நேரத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

அந்த வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். டாக்டரின் குறிப்பு, நர்ஸ், குளிப்பாட்டும் உதவிப் பெண், சமையல் பகுதியிலிருந்து ஒருவர், மாமி, மாமியின் மகன் எல்லாரும் இருந்தார்கள். 'நர்ஸ் எய்டு' என்று சொல்கிற அந்த உதவிப் பெண்கள் நம் ஊர் ஆஸ்பத்திரி ஆயா மாதிரிதான். ஆனால் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் பெண், "ஏழு மணிக்கு நான் போகிறதுக்கு முன்னால், ஆறு மணிக்கு நானே குளிப்பாட்டி விடுகிறேன்" என்றாள். நாலரைக்கு மாமி ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? தானாக இறங்காமல் மணியை அழுத்துவது, எய்டு வந்து தலையணை வைத்து உட்கார வைத்தால் ஆறு வரை ஜபம் பண்ணுவது. விளக்குக்கு நெருப்பு கூடாது, அக்கம்பக்க அறைகளில் ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் பேட்டரி விளக்கு. சர்க்கரை வியாதி இல்லை என்பதால் ஏகாதசியன்று பாலும் பழமும் கொடுக்கலாம் என்று டாக்டரும் சம்மதித்தார். சமையல் பகுதிக் காலண்டரில் ஏகாதசித் தேதிகளை மகன் குறித்துக் கொடுத்தான். மாத்திரைப் பேச்சு அதோடு போயிற்று. ஏழாவது வாரம் மாமி வாக்கரைப் பிடித்துக் கொண்டு மகன் வீட்டு வாசற்படி ஏறினார்.

எனக்குத் தமிழ் தெரிந்திருந்தது ஒரு அதிர்ஷ்டம். ஆனால் அதுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாத பாஷையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிடலாம். கொரியக்காரர், போலந்துக்காரர் என்று எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, 'ஏன்?' என்று கேட்க நேரமுள்ள ஒரு ஆள் வேண்டும். மாத்திரை கொடுக்கிற நர்ஸுக்கு அந்த நேரம் இராது. கேட்பதையே வேலையாகக் கொண்டவர் சோஷியல் வொர்க்கர்தான்.

இங்கேதான் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது.

120 கட்டிலுக்கு மேல் உள்ள இல்லத்தில் தகுதி பெற்ற சோஷியல் வொர்க்கர் ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். சரியாக 120 கட்டில் இருந்தால்? வேண்டியதில்லை. 60 கட்டில்? வேண்டியதில்லை. 300 கட்டில் இருந்தாலும் ஒருவர் போதும். சேவை மட்டும் எல்லா இல்லங்களும் கொடுத்தாக வேண்டும். வேலை கட்டாயம், ஆள் கட்டாயமில்லை! சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. எல்லா மாநிலமும் அப்படியில்லை. இன்னொரு வேடிக்கை. பராமரிப்புத் திட்டம் எழுதும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று சட்டம் பட்டியல் போடுகிறது. டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, நர்ஸ் எய்டு உண்டு, சாப்பாட்டுப் பகுதி உண்டு. சோஷியல் வொர்க்கர் பெயர் அதில் இல்லை. 'தேவைப்படும் மற்றவர்கள்' என்பதில்தான் அவருக்கு இடம்.

வீட்டுக் கணக்குப் போடும் நமக்கு இந்தக் கணக்கு சுலபம். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை, 120 பேர். ஒருவருக்கு எத்தனை? வாரத்துக்கு 20 நிமிஷம். அந்த 20 நிமிஷத்துக்குள் பேச்சு, படிவம், மகனுக்குப் போன், காணாமல் போன பல்செட்டைத் தேடுவது, இன்ஷூரன்ஸ் கடிதம் எல்லாம் அடக்கம். மூன்று மாசத்துக்கு ஒரு கூட்டம் என்றால் 120 பேருக்கு வருஷத்துக்கு 480 கூட்டங்கள். வாரத்துக்கு ஒன்பதுக்கு மேல்! எங்கள் இல்லத்தில் 140 கட்டில்களுக்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். அதுவே மூச்சு முட்டும். என் அனுபவத்தில், நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் அறுபது பேருக்கு மேல் ஒருவரால் முகம் பார்த்துப் பேச முடியாது. ஆபரேஷன் ஆகி வந்து போகிறவர்கள் என்றால் இன்னும் குறைவு.

பக்கத்து ஊரில் ஒரு இல்லம். பெயர் வேண்டாம். கட்டில்கள் நூற்றுக்குக் கீழே. ஒரே ஒரு பெண்மணிதான் புதிதாக வருகிறவர்களைச் சேர்க்கும் வேலையையும் சோஷியல் வொர்க்கர் வேலையையும் பார்த்துக் கொண்டிருந்தார். அங்கிருந்து எங்களிடம் மாற்றலாகி வந்த ஒரு விதவையின் திட்டத்தைப் படித்தேன். 'அவருடைய மனைவி தினமும் வந்து பார்க்கிறார்' என்று இருந்தது. யாருக்கோ எழுதியதை இவருக்கு எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்மணியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி ஏழு மணிக்கும் அவர் அறையில் விளக்கு எரியும். இல்லத்தை நடத்துகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 'ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மெடிக்கெய்ட் தொகை கட்டுப்படியாகவில்லை, படித்த ஆட்கள் கிடைப்பதில்லை' என்று அவர்கள் தரப்பைச் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த விதவை வந்த முதல் மாசம், வராத மனைவியைப் பற்றி எழுதியிருந்த காகிதத்தை வைத்துக் கொண்டுதான் அவரைப் பார்த்துக் கொண்டார்கள்.

2022-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் நர்ஸிங் ஹோம்களைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டன. சமூகப் பணியில் பட்டமும் அனுபவமும் உள்ள ஒரு முழுநேர சோஷியல் வொர்க்கர் வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார்கள். பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. சட்டத்தில் 120 இன்னும் 120-தான்.

சரி, அங்கே ஆள் குறைவு என்பதற்காக இங்கே நாம் அழுது கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். கேட்க நேரமில்லாதவருக்குக் கேட்காமலே தெரியும்படி செய்துவிடலாம். சகோதரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் சம்மதம். அந்த ஊரில் நோயாளியின் விவரங்களை அவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். பெற்ற பெண்ணாக இருந்தாலும் சரிதான். 'என் பெண்ணுக்கும் சொல்லலாம்' என்று அம்மா சொல்லி, அதைப் பதிவு பண்ணிவிட்டால் போதும். அண்ணாவிடம் பதமாகக் கேளுங்கள்.

அடுத்தது, கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். அம்மா விரும்புகிறவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட அம்மாவுக்கு உரிமை உண்டு. போனிலேயே கலந்து கொள்ளலாம். நியூயார்க் பக்கமாக இருந்தால் அங்கே காலை 11 மணி, நமக்கு ராத்திரி எட்டரை. அவர்கள் குளிர்காலத்தில் ஒன்பதரை. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். எழுதிய திட்டத்தைப் பார்க்கவும் அதில் மாற்றம் கேட்கவும் அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. 48 மணி நேரச் சுருக்கத்தை அண்ணாவுக்குக் கொடுத்தார்களா என்றும் விசாரியுங்கள்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர். அம்மாவுக்குப் புரிகிற பாஷையில் அவர் உடல்நிலையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. 'பையன் இருக்கானே' என்று விட்டுவிடாதீர்கள். மகன் நடுவில் நின்றால் எந்தத் தாயாவது, 'ரொம்ப வலிக்கிறது', 'மலம் போகவில்லை', 'மனசு வெறுத்துப் போச்சு' என்று வாய் திறப்பாளா? வெளியாள் ஒருவர் போனில் தமிழ் பேசினால் தாராளமாகச் சொல்வாள். ஞாபகப் பரீட்சையும் தமிழில்தான் நடந்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஒரே ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம், அம்மாவைப் பற்றி எழுதி அண்ணாவிடம் இங்கிலீஷில் போடச் சொல்லி சோஷியல் வொர்க்கரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும்?

அம்மாவை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், எப்போது குளிப்பாள். குளிப்பாட்டப் பெண்தான் வேண்டும் என்பது. 'சைவம்' என்று மட்டும் எழுதாதீர்கள். முட்டை போட்ட கேக், கோழிச் சாறு ஊற்றிய காய்கறி சூப், ஜெலட்டின் கலந்த ஜெல்லி ஆகாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அங்கே சூப்பில் மாமிசத் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நினைப்பவர்கள் உண்டு. விரத நாட்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும். எந்தப் பாட்டைப் போட்டால் முகம் மலரும். இருட்டு பயமா, இடி பயமா. வாழ்நாளெல்லாம் என்ன செய்தாள், பள்ளிக்கூட டீச்சரா, பத்து பேருக்குச் சமைத்துப் போட்டவளா.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நம் பெண்கள் முதல் தடவை கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் சொல்வோம், இல்லையா? இன்னொரு தடவை உபசரித்தால்தானே வாங்கிக் கொள்கிறோம்? அங்கே ஒரு தடவை 'வேண்டாம்' என்றால் தட்டை எடுத்துக் கொண்டு போய், 'மறுத்தார்' என்று எழுதிவிடுவார்கள். 'என் அம்மாவை இரண்டு தடவை கேளுங்கள்' என்று அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'சரி' என்று அர்த்தம் என்றும் எழுதுங்கள். வலி இருக்கிறதா என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பாள், அதற்கு 'வலி இருக்கிறது' என்று பொருள் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். வலி மாத்திரை கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஐந்தாவது, சோஷியல் வொர்க்கரிடமே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்: 'நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? நீங்கள் லீவில் இருந்தால் யாரிடம் பேச வேண்டும்?' இதில் தப்பே இல்லை. பதில் சொல்லும்போதே அங்குள்ள நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடும். 'நூற்றுப்பத்து பேர்' என்றால் கோபப்படாமல், நீங்களே தேதிகளைக் குறித்து வைத்துக் கொண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். குடும்பம் விசாரித்துக் கொண்டே இருக்கிற முதியவரின் காகிதம் பைலின் மேலேயே இருக்கும். இது நான் கண்ணால் பார்த்தது.

சொல்லியும் கேட்கவில்லை, அம்மாவுக்கு ஏதோ அநியாயம் நடக்கிறது என்று தோன்றினால் 'ஆம்பட்ஸ்மன்' என்று ஒருவர் இருக்கிறார். முதியோர் இல்லவாசிகளின் குறைகளை விசாரிக்க ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1978-லிருந்தே அங்கே சட்டம் உண்டு. பைசா செலவில்லை. அவருடைய போன் நம்பரை இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதிப் போட்டிருக்க வேண்டும். அடுத்த தடவை போகும்போது அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மற்ற வாசகியருக்கும் ஒரு வேலை. உங்கள் வீட்டில் மாமியாரோ அம்மாவோ இருக்கிறாரா? அமெரிக்கா வேண்டாம், நாளைக்கே நீங்கள் பிரசவத்துக்குப் போனால் இரண்டு மாசம் அவரை வேறொருவர்தான் பார்த்துக் கொள்ள வேண்டும். நான் மேலே சொன்ன ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுதுங்கள். நீங்களாக எழுதாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். 'உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராட்டி என்ன பண்ணுவீங்கம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாத சங்கதி நாலாவது வெளிவரும். எழுதி முடித்ததும் மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.

எழுதியதை எனக்கும் அனுப்பினால், பெயரில்லாமல் சிலவற்றை இந்தப் பகுதியில் போடலாம் என்று இருக்கிறேன். அடுத்த இதழில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி என்று பார்ப்போம்.